மடக்கு நாற்காலிச் சபை

அந்த வீட்டில் அதற்கு என்ன பேர் என்பதிலேயே தகராறு. அவன் கோயில் என்பான். அவள் சபை என்பாள். அவன் பூசைக்குப் போனேன் என்றால் அவள் ஆராதனைக்குப் போனேன் என்பாள். சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடினால் அவனுடையது செபம், அவளுடையது ஜெபம். ஒரே சிலுவையை வேறு வேறு வாசல் வழியாகப் போய்க் கும்பிட்ட குடும்பங்கள். அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கல்யாணத்துக்கு வரவில்லை. அவனோடு பேருந்து ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள், புகைப்படக்காரர் வந்தார். "அவரும் முன்பணம் வாங்கிட்டதால வந்தாரு" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள்.

இந்த ஊருக்கு அவர்கள் வந்தது அவனுக்கு இங்கே பணிமனையில் நிரந்தர வேலை கிடைத்ததால். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் பகலெல்லாம் தரை வழியாக ஏறி வரும். அவன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மகளுக்கு நாலு வயது. பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும், "இதென்ன, கடையில கட்டிக் குடுத்த பொட்டலம் மாதிரி இருக்கு" என்றான் அவன். பொட்டலம் என்பதே பேராகி நின்றுவிட்டது.

பொட்டலம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கிறது, சொன்னது புரிகிறது, சிரிக்கிறாள். ஆனால் வாயிலிருந்து வருவது ஒரே ஓர் ஓசைதான். உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று, பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி. சந்தோஷம் வந்தால் உயரும், பயம் வந்தால் இன்னும் உயரும். சுற்றிலும் அமைதியாக இருந்துவிட்டால் அதை நிரப்புவது தன் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வாள் போல. "வரும்போது வரும். அதுவரைக்கும் நீங்க பேசிட்டே இருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அமைதிக்குப் பேர்போன இடங்களில் கோயிலும் ஒன்று. கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் அவன் பக்கத்துக் கோயிலுக்குப் போனார்கள். உயரமான கல் கட்டடம், நீள நீளமான பெஞ்சு, ஊசி விழுந்தால் கேட்கும். பொட்டலம் தொடங்கினாள். முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், பொறுத்துப் பொறுத்து மறுபடி திரும்பினார், கடைசியில் உடம்போடு திரும்பி, "பின்னாடி கண்ணாடி ரூம் இருக்குங்களே, குழந்தைங்களுக்காகவே கட்டியிருக்கோம்" என்றார். போய் உட்கார்ந்தார்கள். அங்கே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்தார்கள், முழங்கால் போட்டார்கள், வாயசைத்தார்கள்.

"நாம அவங்களைப் பாக்குறோமா, அவங்க நம்மளைப் பாக்குறாங்களா?" என்றான் அவன். "இந்தத் தொட்டியில யாரு மீனு?"

சில வாரம் மீனாக இருந்து பார்த்துவிட்டு நின்றார்கள்.

அடுத்தது அவள் பக்கத்துச் சபை. கைத்தட்டலும் பாட்டுமாக இருக்கும், பொட்டலத்தின் ஓசை அதில் கரைந்துவிடும் என்று நம்பித்தான் கூட்டிப் போனாள். கரையத்தான் செய்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் போதகர் இறங்கி வந்து பொட்டலத்தின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். "ஊமையான ஆவியே" என்று அவர் ஆரம்பித்ததும் சபை முழுக்க எழுந்து, கையை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றது. பொட்டலம் அலறினாள். அவர் கையை எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள். சின்ன வயதிலிருந்து போதகர் வந்தால் எழுந்து நின்றே பழகியவள், அவர் மணிக்கட்டைப் பிடித்து மகள் தலையிலிருந்து விலக்கினாள். குடையைக்கூட எடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். தான் பிறந்து வளர்ந்த பாட்டும் பேச்சும் உள்ள இடம் என்பதால், கண்ணாடி அறையைவிட இது அதிகம் வலித்தது. அவன் அதைப் பற்றி ஒரு கேலிகூடப் பேசவில்லை. அதிலிருந்தே அவனுக்கும் வலித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

மூன்றாவது, இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் இடம். புது மண்டபம், மெத்தை வைத்த நாற்காலி, வாசலில் கைகுலுக்க ஆள். எல்லா நிறத்திலும் எல்லாச் சாயலிலும் ஆள் வேண்டும் என்று ஆசைப்படுகிற இடம். முதல் நாளே ஒரு பெண் கேமராவோடு வந்து மூன்று பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அடுத்த மாதம் பெரிய சாலை வளைவில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது: ‘எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு.’ கீழே ஆளுயரத்துக்கு இவர்கள் மூன்று பேர். அவன் ஓட்டும் தடம் அந்த வளைவு வழியாகத்தான். போகும்போதும் வரும்போதும் தன் பல்லைத் தானே பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். "டிரைவரே, நீங்கதானே அது? எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?" என்று பயணிகள் கேட்டார்கள்.

பலகையில் இடம் இருந்தது. பிள்ளைகள் வகுப்பில் இல்லை. "இந்த மாதிரிக் குழந்தைக்குப் பழக்கப்பட்ட டீச்சர் எங்ககிட்ட இல்லீங்களே, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். அவர்கள் உட்காரும் வரிசையில் பக்கத்து நாற்காலிகள் எப்போதும் காலியாகவே கிடந்தன.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வெளியே விடாத மழை. பொட்டலம் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு மழையோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு டூட்டியா?"

"கேட்டு வாங்கிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் டூட்டிதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கோயில் பாத்தாச்சு, சபை பாத்தாச்சு, பலகையிலயும் ஏறியாச்சு. இன்னும் எங்க போகணும்? வீட்டுலயே கும்பிடு. சாமி மாடி ஏறி வரமாட்டாரா?"

"சாமி வருவாரு. மனுஷங்க வரமாட்டாங்களே."

"மனுஷங்களைப் பாத்தது போதாதா உனக்கு?"

அவள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, எந்திரிக்க முடியல. நீங்க வண்டில. இவ காலையிலேர்ந்து ம்ம்முன்னு என்னையே சுத்திச் சுத்தி வந்தா. ஒரு வாய் ஊட்ட ஆள் இல்ல. கீழ்க் கடைக்காரரைக் கூப்பிடலாம்னா, அவருக்கு இவ சத்தம் பசியா பயமான்னு தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். இத்தனை பெரிய ஊர்ல ரெண்டே ரெண்டு பேருக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா?"

"காலங்காத்தால இப்படியா பேசுவாங்க?"

"பேச்சை மாத்தாதீங்க. நான் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் அலையல. இவளைத் தூக்கிக்க மூணாவதா ஒரு கை வேணும். அதுக்குத்தான் அலையறேன்."

அவன் காலரைத் தேய்த்தான். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"மூணு இடத்துல மூக்கு உடைஞ்சாச்சு" என்றான் கடைசியில். "நாலாவது இடத்துக்கு எனக்கு மூக்கு இல்ல. நீ வேணா போய்ட்டு வா."

சலவைக்கூடத்தில் மழைக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் கிடையாது. வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் உருளை மெஷினுக்குள் ஈரமாக நுழைந்து கை சுடச்சுட வெளியே வரும். ஆறுவதற்குள் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி கையிலிருப்பதை இன்னொருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க நெருங்குவதும் விலகுவதுமாக இருக்கிற வேலை. ஜோடி சரியில்லாவிட்டால் நரகம். அவளுக்கு வாய்த்த ஜோடி நிலைப்படியில் குனிந்துதான் நுழைவாள். கொடிமரம் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். எங்கோ கடல் தாண்டி வந்தவள், நம் பேச்சை இந்த வெந்நீர் ஆவியில் நின்றே கற்றுக்கொண்டவள். மரியாதை மட்டும் தலைகீழாகப் பதிந்துவிட்டது. மேற்பார்வையாளரை "நீ போ, நான் வரேன்" என்பாள். பொட்டலத்தைப் பார்த்தால் "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா" என்பாள்.

"மூஞ்சி ஏன் பிழியாத துணி மாதிரி இருக்கு?" என்றாள் கொடிமரம் அன்று.

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு விரிப்பு மடிக்கும் நேரம் ஆனது.

"எங்க இடத்துக்கு வா" என்றாள் கொடிமரம். "ஸ்கூல் சாப்பாட்டுக் கூடம். ஞாயிறு மட்டும் எங்களுக்கு. மடக்கு நாற்காலி. ஒண்ணு ரெண்டு தானா மடங்கிடும், பாத்து உக்காரணும். பாஸ்டர் லாரி ஓட்டறான். டீ நல்லா இருக்காது. நான்தான் போடறேன்."

"என் பொண்ணு சத்தம் போடுவா."

"அங்க யாரு போடல?"

கொடிமரம் சொன்னதில் பொய் இல்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. கூடத்தில் நேற்றைய சூப்பு வாசனையும் தரை கழுவிய மருந்து வாசனையும் கலந்து கிடந்தன. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. மீன்சந்தையில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரித் தாதிகள், கட்டட வேலைக்காரர்கள், ஒரு கணக்கு வாத்தியார் என்று உட்கார்ந்திருந்தார்கள். வேதத்தை மூன்று மொழியில் வாசித்தார்கள். தன் மொழி வராத நேரத்தில் மற்றவர்கள் மெதுவாகக் கதை பேசினார்கள். வாரமெல்லாம் லாரி ஓட்டிய களைப்பில் பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். அதற்காகவே சிலர் வருகிறார்கள் என்று கொடிமரம் காதில் சொன்னாள்.

பொட்டலம் தொடங்கியதும் இவள் வழக்கம்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். யாரும் திரும்பவில்லை. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் காது மெஷினைக் கழற்றித் தட்டினார், ஊதினார், மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, "ஏம்மா, இந்தச் சத்தம் என் காதுலேர்ந்து வருதா, உங்க பாப்பாவா?" என்று கேட்டார்.

"பாப்பாதாங்க. மன்னிச்சிடுங்க."

"அப்பாடா! மெஷின் போச்சுன்னு பயந்துட்டேன்" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

இந்த ஊருக்கு வந்து ஒரு சபைக்குள் உட்கார்ந்து அவள் சிரித்தது அன்றுதான்.

அப்புறம் வாராவாரம் போனாள். விருந்தாளியாக இருந்தவள் டம்ளர் கழுவ ஆரம்பித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று கொடிமரத்தோடு சண்டை போட்டாள். சில வாரத்தில் கொடிமரம் டீ கொதிக்கும் இடத்திலிருந்தபடியே, "அது பசிச் சத்தம்! அவங்களுக்கு பிஸ்கட் குடு!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தக் கற்றுக்கொண்டாள். கேட்டதும் இவளுக்குக் கழுவிக்கொண்டிருந்த டம்ளர் மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னாள்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்தான்.

அவன் வந்த அன்றேதான் மரக்கடையில் வேலை செய்கிற ஓர் ஆளும் புதிதாக வந்தார். கனத்த உடம்பு, தலைமயிரில் மரத்தூள், சட்டைக் காலர் வரை போட்ட பொத்தான். வரிசையின் கடைசியில் தனியாக உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்தபோதும் அவர் எழவில்லை. பொட்டலம் மேசைகளுக்கு நடுவே சுற்றிவிட்டுப் போய், யாரும் சொல்லாமலேயே அவர் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று முனகினாள். அவர் இரண்டு கையையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"அது யாரு?" என்றாள் இவள், கழுவிக்கொண்டே.

"பாஸ்டர் கூட்டிட்டு வந்தான். ஜெயில்லேர்ந்து வந்திருக்கான்" என்றாள் கொடிமரம். "குடிச்சிட்டு வண்டி ஓட்டினான். ரோட்டோரம் ஒரு பொம்பளை. செத்துட்டா. இப்ப மரக்கடையில..."

மீதியை இவள் கேட்கவில்லை. சோப்பு நுரைக் கையோடு கூடத்தைக் கடந்து ஓடினாள். பொட்டலத்தின் தோளைப் பிடித்து இழுத்தாள். "எம்புள்ளயத் தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மூன்று மொழிப் பேச்சும் நின்றது. அவர் தொட்டிருக்கவேயில்லை. போலீஸ்காரர் முன்னால் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினார். பொட்டலம் அலறினாள். டீ டம்ளரோடு அவன் ஓடி வந்தான். அந்த ஆள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மழையில் இறங்கிப் போனார்.

பாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். "உங்களுக்குப் பயம் வந்ததுல தப்பே இல்லம்மா. இங்க எந்தப் பிள்ளையையும் யாரோடயும் தனியா விடறதில்ல. அவர் மேல ஒரு கண்ணு வெச்சுட்டுத்தான் இருந்தேன். புதுசா வந்த உங்ககிட்ட அவரைப் பத்தி நானே சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவன், "நல்லாத்தான் கேட்ட" என்றான். "குடிச்சிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சவன்லாம் ஒரு மனுஷனா? நான் ஓட்டற வண்டில எத்தனை உசுரு உக்காந்திருக்கு தெரியுமா? அவனையெல்லாம் உள்ள விட்டதே தப்பு."

அடுத்த வாரம் அந்த ஆள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சபையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொடிமரம் மட்டும் வேலையில் வேகமாக நடந்தாள். விரிப்பைச் சாட்டை மாதிரி உதறினாள்.

"என் மேல கோவமா?" என்றாள் இவள்.

"ஆமா."

"ஒரு பொம்பளை செத்துட்டான்னு நீதான் சொன்ன. நான் பெத்தவ. வேற என்ன பண்ணுவேன்?"

"அங்க வெச்சு நான் சொன்னது தப்பு. என் வாய்க்கு மூடி இல்ல." கொடிமரம் நெருங்கி வந்து முனைகளை இவள் கையில் வைத்து அழுத்தினாள். விலகாமல் அங்கேயே நின்றாள். "அவன் கை எங்க இருந்துச்சு?"

"முழங்கால்ல."

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"பயந்தா வந்து பிள்ளையைத் தூக்கு. தூக்கிட்டுப் போ. யாரு வேணாம்னா? நீ கத்தின. நீ கத்தினதும் கூடமே சுத்தி நின்னு அவனைப் பாத்துச்சு."

மெஷினிலிருந்து அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. கூட்டம் சுற்றி நின்று பார்த்தால் நடுவில் இருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று இவளுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாயங்காலம் சாப்பிடும்போது, "அந்த ஆளு அப்புறம் வரவே இல்லீங்க" என்றாள்.

"வர வேணாம்" என்றான் அவன். "ஒண்ணு நாம, இல்ல அவன். நமக்கு ஒரு இடம் கிடைச்சிருச்சில்ல, விடு."

அவன் பொல்லாதவன் இல்லை, கணக்கைச் சொன்னான். கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. அந்தக் கல் கோயிலின் முன் பெஞ்சுக்காரரும் இந்தக் கணக்கைத்தானே போட்டிருப்பார் என்று நினைத்தாள்.  தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து, அவன் வண்டிக்குப் போனதும் பொட்டலத்தைக் கூட்டி வந்து கொடிமரத்திடம் விட்டாள். பிறந்ததிலிருந்து பெற்றவர்கள் இல்லாமல் பொட்டலம் ஒருவரிடம் இருக்கப் போவது அதுதான் முதல் தடவை. "எங்க போற?" என்றாள் கொடிமரம். "மரக்கடைக்கு." கொடிமரம் பொட்டலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க. நாம டீ குடிப்போம்."

மரக்கடை ஆற்றோரச் சாலையில் இருந்தது. தகரக் கூரைக்கடியில் ஈரமரத்தின் புளிப்பு வாசனை. அவர் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்றோட்டத்துக்குச் சிறு கட்டை வைத்தார். இவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார்.

"நீங்க இழுத்தது சரிதாம்மா" என்றார் இவள் வாயைத் திறப்பதற்குள். "எனக்கு ஒரு பிள்ளை இருந்தா நானும் இழுத்திருப்பேன்."

"இழுத்தது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியலீங்க. அத்தனை பேர் முன்னாடி கத்தினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பரவால்லம்மா."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க."

அவர் ஒரு பலகையின் விளிம்பைத் தடவினார். "அந்தம்மா வீட்டுக்கு ஒரு தடவ போனேன்" என்றார். "செத்துப்போனாங்களே, அவங்க வீட்டுக்கு. கதவைத் தொறக்கல. தொறக்கவும் கூடாது. இனிமே எந்தக் கதவும் அப்படித்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பாஸ்டர்தான் கேக்காம இழுத்துட்டு வந்துட்டாரு."

"அது வேற கதவுங்க. இது வேற கதவு."

"உங்களுக்கு என்னைப் பாத்து பயம் போயிருச்சா?"

"இல்ல" என்றாள்.  "இப்பக்கூடப் பயமாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏம்மா?"

"பயம் போனப்புறம் கூப்பிடலாம்னா நாளாகும். எப்பப் போகும்னே தெரியல. நீங்க வாங்க. நான் பயந்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, வந்ததும் போய்விட்டது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மழை பிடித்துக்கொண்டது. அவன் வர மாட்டேன் என்று முதலில் சட்டையைக் கழற்றினான்; அவள் பொட்டலத்துக்குச் செருப்பு மாட்டினாள்; அவன் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டான். "அவன் வந்தா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், சொல்லிட்டேன்" என்றான் படியிறங்கும்போது.

"பேச வேணாம். உக்காருங்க, போதும்."

கூடத்தில் கூட்டம். மழைக்கு ஒதுங்க வந்தவர்கள் சிலரும் உள்ளே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். நடைவழி ஓரம் அவன், அடுத்து மடியில் பொட்டலத்தோடு இவள், அதற்கடுத்த நாற்காலி காலி. அதை விட்டால் திறந்து கிடந்த கதவோரம் ஒன்றிரண்டு இருந்தன. இரண்டாவது மொழி வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. சொட்டச் சொட்ட நனைந்து அந்த ஆள் நின்றார். சிலர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேதத்துக்குத் திரும்பினார்கள். இவள் காலி நாற்காலியின் மேலிருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

அவர் வரிசைக்கு வந்து நின்றார். அவள் கணவன் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டியபடி இருந்தான். தாண்டிப் போக வழி இல்லை. வாசிக்கிறவர் ஒரு வசனத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கினார். அப்போது அவன், முகத்தைத் திருப்பாமலே, முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கினான். அவர் நுழைந்து போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மரத்தூளும் மழையும் கலந்த வாசனை வந்தது.

பொட்டலம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ஓசை ஏறியது. பசியும் இல்லை, பயமும் இல்லை. அது எந்தச் சத்தம் என்று இவளுக்குத் தெரியும். இவள் கை மகளின் சட்டையை இறுகப் பிடித்திருந்தது.  அந்தப் பிடி அவர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "நான் வேணா அந்தக் கதவுப் பக்கம் போய் உக்காந்துக்கட்டுமாம்மா?" என்றார்.

இவள் கதவைப் பார்த்தாள். காற்றில் மழை உள்ளே வரை தெறித்து அந்த நாற்காலிகள் நனைந்திருந்தன.

"வேணாங்க" என்றாள். "அங்க சாரல் அடிக்குது."